பேசிய கெண்டையைத் தின்ற நீர்நாய்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கிற பிள்ளைகளுக்குத் தைரியம் வருகிற மாதிரி நாலு வார்த்தை சொல்லுங்கள் என்று என்னைக் கேட்டார்கள். தப்பான ஆளிடம் கேட்டிருக்கிறார்கள். அனிமேஷன் படங்களுக்கு எடிட்டிங் செய்த காலம் முழுக்க நான் பயந்துகொண்டே செய்தவள். கோப்பு திறக்குமா, திறந்தால் ஓடுமா, ஓடினால் சத்தம் வருமா என்று நான் கவலைப்படாத நாளே கிடையாது. என் வீட்டுக்காரர் சொல்வார்: "ஏட்டி டெய்சி, ஒனக்கு வெசனப்பட ஒண்ணுமே இல்லேன்னா, ஏன் ஒண்ணுமில்லேன்னு அதுக்கும் வெசனப்படுவ." மனிதர் பொய் சொல்லவில்லை.

ஆகவே தைரியத்தைப் பற்றி எனக்குச் சொல்லத் தெரியாது. பயத்தைப் பற்றிச் சொல்கிறேன். மென்பொருளை எல்லாம் உங்களுக்கு யூடியூபே சொல்லிக்கொடுத்துவிடும். பயத்தை எந்த இடத்தில் வைத்துக்கொள்ள வேண்டும், எந்த இடத்தில் அதன் பேச்சைக் கேட்கக்கூடாது என்பதை யாரும் சொல்லித் தருவதில்லை. எனக்கும் அது கடைசிப் படத்தில்தான் கொஞ்சம் பிடிபட்டது. அது நம் நீர்நாய்ப் படம்.

அப்போது நம் ஸ்டுடியோ பாளையங்கோட்டையில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் இருந்தது. காலை முழுக்க பன் வேகிற வாசனை, மத்தியானம் முழுக்க வெயில். ரொம்ப வருஷம் வெளிநாட்டுக் கம்பெனிகளுக்குக் கூலி வேலைதான் பார்த்துக்கொண்டிருந்தோம். எவனோ படைத்த கரடிக்கு முடி ஒட்டுவது, எவனோ படைத்த பூனைக்கு வாயசைப்பது. ஏரல்காரரான சுடலைமுத்துதான் ஒருநாள், "அக்கா, ஊரான் கரடிக்குச் சவரம் பண்ணுதது போதும். நம்ம தாமிரபரணி ஆத்த வச்சு ஒரு படம் பண்ணுவோம்" என்று ஆரம்பித்தார். அவர்தான் இயக்குநர்.

அவர் எடுத்துக்கொண்டது ஒரு பழைய நாவல். எங்கள் தலைமுறைக்குப் பள்ளிக்கூடத்தில் துணைப்பாடமாக இருந்தது. தாமிரபரணியில் ஒரு மடு வற்றிப்போகிறது. அங்கே இருந்த நீர்நாய் ஒன்று தன் குட்டிகளைக் கூட்டிக்கொண்டு மலையடிவாரத்து மடுவைத் தேடி ஆற்றோடு மேலே போகிறது. வழியில் எருமை பேசும், கொக்கு பேசும், மீனும் பேசும். கதையின் நடுவில் சின்னக்குட்டி பசியில் கண் திறக்கமாட்டாமல் கிடக்கிறது. அம்மா எங்கெங்கோ அலைந்து கடைசியில் ஒரு மீனைக் கொண்டு வந்து அதன் முன்னால் போடுகிறது. குட்டி வாயைத் திறக்குமா திறக்காதா என்று ஒரு பக்கம் முழுக்க அம்மா பார்த்துக்கொண்டே நிற்கும். அந்த நாவலைப் படித்த யாரை எழுப்பிக் கேட்டாலும் அந்தப் பக்கத்தைத்தான் சொல்வார்கள். சுடலை படம் எடுக்க வந்ததே அதற்காகத்தான்.

படத்தை வாங்க ஆள் வேண்டுமே. மதுரையிலிருந்து ஒரு விநியோகஸ்தர் வந்தார். நல்ல மனிதர், வெள்ளை வேட்டி, ஓயாமல் போன். நாங்கள் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். கதையைக் கேட்டதிலிருந்தே அவருக்கு அந்த மீன் தொண்டையில் சிக்கிக்கொண்டது. "குடும்பப் படம்ங்கிறீங்க. பொம்மைப் படத்துல உசுரைக் கொல்லலாமா? நீர்நாய் ஒரு பழத்தைத் தின்னா என்ன? தாமரைக்கிழங்கு தின்னா என்ன?" என்றார்.

சுடலை சிரிக்காமல் சொன்னார்: "அண்ணாச்சி, அது நீர்நாய். மாலை போட்ட சாமி இல்ல."

அவர் சிரித்துவிட்டார். ஆனால் விடவில்லை. பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டுங்கள், அவர்களோடு உட்கார்ந்து பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன் என்றார். அவர் எடுத்துக்கொண்டால் படம் தியேட்டருக்குப் போகும். மாட்டேன் என்றால் படம் மட்டுமல்ல, ஸ்டுடியோவும் அதோடு சரி. வேறு யாரும் எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மேல்மாடியில் வேலை பார்த்த அத்தனை பேருக்கும் இது தெரியும். அதனால் அந்த வாரம் யாரும் யாரோடும் சரியாகப் பேசவில்லை.

சனிக்கிழமை காலையில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் காட்சி. வெள்ளிக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, படத்தை முதலிலிருந்து கடைசி வரை நிறுத்தாமல் ஒருமுறை ஓடவிட்டுப் பார்த்தேன். என் பக்கத்தில் ஹசீனா உட்கார்ந்திருந்தாள். மேலப்பாளையத்துப் பிள்ளை, அவளுக்கு இதுதான் முதல் படம். வாப்பா சவூதியில். பிள்ளையை வேலைக்கு அனுப்பலாமா வேண்டாமா என்று வீட்டில் பெரிய பேச்சு நடந்து, "ஒரு படம் முடியட்டும், பாப்போம்" என்று அனுப்பியிருந்தார்கள்.

படத்தில் எங்கள் அறையில் எல்லாருக்கும் பிடித்த பாத்திரம் அவள் செய்த கெண்டைதான். குட்டிக்கு மலைக்குப் போகிற வழி சொல்கிற மீன் அது. நாவலில் ஒரே ஒரு வரி பேசிவிட்டுப் போய்விடும். ஹசீனா அதற்குக் கீழுதடு கொஞ்சம் துருத்திக்கொண்ட மாதிரி ஒரு வாய் வைத்து, வால் நுனியைப் பிய்த்துவிட்டு, ஒரு சவடால் பேர்வழியாக ஆக்கிவிட்டாள். "இந்த வாலப் பாத்தியால? வலையப் பிச்சிட்டு வந்தவன்லா நான்!" என்று வாலை ஆட்டிக்கொண்டு சொல்லும். குரல் கொடுத்தது மேலப்பாளையத்தில் ஆட்டோ ஓட்டுகிற அவளுடைய தாய்மாமா. அந்த இடம் வந்தால் டீ கொண்டுவருகிறவர்கூட நின்று பார்த்துவிட்டுத்தான் போவார்.

படம் ஓடியது. அம்மா நீர்நாய் தண்ணீரிலிருந்து மேலே வந்தது. வாயில் மீன். முகத்தை நெருக்கிக் காட்டுகிற ஷாட். மீனின் வால் ஒருமுறை துடித்தது.

பிய்ந்த வால்.

நான் நிறுத்தினேன். ஹசீனாவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் திரையைப் பார்த்தபடி வாயில் கையை வைத்துக்கொண்டிருந்தாள். "யா அல்லா" என்றாள், அவ்வளவுதான்.

நடந்தது இதுதான். நாங்கள் ஒவ்வொரு மீனையும் தனித்தனியாகச் செய்வதில்லை. ஒரு கெண்டையை ஒழுங்காகச் செய்து மூலக் கோப்பாக வைத்துவிட்டு, அதையே ஆறு முழுக்க நீந்தவிடுவோம். முறுக்கு அச்சு மாதிரி. ஹசீனா பேசுகிற கெண்டைக்கென்று ஒரு நகல் எடுத்து அதில்தான் வாலைப் பிய்த்திருக்க வேண்டும். அவசரத்தில் அச்சிலேயே கை வைத்துவிட்டாள். அதற்குப்பிறகு பிழிந்த முறுக்கெல்லாம் பிய்ந்த வாலோடு வந்திருக்கிறது. கூட்டமாகப் போகிற மீன்களில் அது கண்ணுக்குத் தெரியாது. நீர்நாயின் வாயில் தெரிந்தது. அந்த ஷாட்டைச் செய்தவர்கள் அடுத்த அறைக்காரர்கள், முதல்நாள் ராத்திரிதான் அது என் கைக்கு வந்தது. அவர்களுக்கு அது வெறும் மீன். பேசுகிற காட்சியை அவர்கள் பார்த்ததே இல்லை. அவரவர் ஷாட்டை அவரவர் நூறு தடவை பார்த்திருந்தோம், படத்தை யாரும் பார்க்கவில்லை. இதை உங்கள் மேஜையில் எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள்.

சுடலை வந்து பார்த்தார். முகம் சுண்டிப்போயிற்று. "பிள்ளைக கவனிக்காதுக்கா" என்றார்.

"கவனிக்காதா? நீ சட்டையை மாத்திப் போட்டிருந்தா ஒன் மவன் கவனிக்க மாட்டானா? பெரியவங்கதான் எதையும் பாக்க மாட்டோம்."

"அப்ப பேசுத மீன எடுத்துருவோம்."

"எடுத்தா குட்டிக்கு வழி சொல்லுதது யாரு? நீயா?"

திங்கிற காட்சியை எடுத்துவிடலாமா என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. அந்த ஷாட்டைப் புதிதாகச் செய்ய நேரமில்லை, கம்ப்யூட்டர் அதைச் சமைத்து இறக்கவே நாள் கணக்காகும். ஆகவே ஒட்டுப் போட்டுப் பார்த்தோம். மீனுக்கு மேல் கறுப்பு வண்ணம் பூசினோம், வாலை மறைத்தோம். இப்போது நீர்நாய் வாயில் ஏதோ கருகிப்போன கத்திரிக்காய் இருந்தது. பார்த்துக்கொண்டிருந்த பையன்களில் ஒருத்தன் களுக்கென்று சிரித்துவிட்டான். அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை, எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. குட்டி சாகக் கிடக்கிற இடத்தில் சிரிப்பு வந்தால் படம் அங்கேயே முடிந்தது.

ஹசீனா எழுந்து நின்றாள். "என் தப்புதான்க்கா. அண்ணாச்சிட்ட நானே சொல்லிருதேன். நாளையிலேருந்து நான் வரல" என்றாள்.

"சும்மா கெட. நீ வராட்டா மீன் வால் முளைச்சிருமா?" என்று ஒரு அதட்டு அதட்டினேன். பூசின கறுப்பை அழித்துவிட்டு, "ஒட்டு வேண்டாம். கெண்டை கெண்டையாவே இருக்கட்டும். அப்படியே போடுவோம்" என்றேன். ஒட்டுப் போட்ட சட்டையில் எல்லார் கண்ணும் ஒட்டில்தான் விழும், கிழிசலோடு நடந்தால் சில பேராவது முகத்தைப் பார்ப்பார்கள். இதை ரொம்ப யோசித்து எடுத்த முடிவு என்று நினைத்துவிடாதீர்கள். வேறு வழி இல்லாதபோது எடுக்கிற முடிவுக்குப் பின்னால் காரணம் சொல்லிக்கொள்வோமே, அந்த வகை.

மறுநாள் காலை ஹாலில் ஜமுக்காளம் விரித்துப் பிள்ளைகள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். மின்விசிறி சத்தம்தான் வந்தது, காற்று வரவில்லை. அண்ணாச்சி போன் வந்தால் வெளியே போக வசதியாக வாசல் பக்கம் நாற்காலி போடச் சொல்லி உட்கார்ந்தார். சுடலை லேப்டாப் பக்கத்தில். நான் கதவோரம். ஹசீனா பின்சுவரில் சாய்ந்து நின்றாள்.

எருமை வந்தது, சிரித்தார்கள். கொக்கு வந்தது, சிரித்தார்கள். கெண்டை வந்தது. "வலையப் பிச்சிட்டு வந்தவன்லா நான்!" என்றதும் சிரிப்பும் கைதட்டலுமாக ஹாலே அதிர்ந்தது. ஒரு பையன் எழுந்து நின்று இடுப்பை ஆட்டிக் காட்டினான். அவனைப் பார்த்து இன்னும் நாலு பேர் எழுந்தார்கள். டீச்சர் வந்து உட்கார வைத்தார். அண்ணாச்சியும் தொடையில் தட்டிச் சிரித்தார். என்னைத் திரும்பிப் பார்த்து நல்லா இருக்கு என்று தலையாட்டினார்.

இத்தனை காலத்தில் நான் வேலை பார்த்த ஒரு காட்சிக்குக் கைதட்டல் கிடைத்து, ஐயோ கைதட்டாதீர்களே என்று நான் கெஞ்சியது அன்றைக்கு மட்டும்தான். அவர்கள் அந்த மீனை எவ்வளவு கொண்டாடுகிறார்களோ அவ்வளவு எனக்குப் பயம் ஏறியது. கதை போகப்போக மெல்ல அமைதியானார்கள். தண்ணீர் வற்றியது. சின்னக்குட்டி விழுந்து கிடந்தது. ஆண்டவரே, கரண்டாவது போகட்டும் என்று நான் வேண்டிக்கொண்டேன். நம்ம ஊர்க் கரண்டு, வேண்டும்போது போகுமா?

அம்மா நீர்நாய் மேலே வந்தது. வாயில் மீன். வால் துடித்தது.

முன்வரிசையிலிருந்து ஒரு பையன்:

"ஏல, அந்த மீனுல!"

"இல்லல, அது வேற மீனு."

"வாலப் பாருல! பிஞ்ச வாலு!"

திரையில் அம்மா மீனைக் குட்டியின் முன்னால் போட்டது. குட்டி கண் திறக்கவில்லை. அந்த நேரம் நடுவரிசையில் இரட்டைப் பின்னல் போட்ட ஒரு சின்னப் பிள்ளை, இரண்டாம் வகுப்போ மூன்றாம் வகுப்போ இருக்கும், ஓவென்று அழுதுகொண்டு எழுந்தாள். மற்ற பிள்ளைகளின் காலை மிதித்துக்கொண்டு என்னைத் தாண்டி வெளியே ஓடினாள். டீச்சர் எழுந்தார். நான் பார்த்துக்கொள்கிறேன் என்று கையைக் காட்டிவிட்டுப் பின்னாலேயே போனேன். என் பின்னால் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. அண்ணாச்சி.

ஹாலுக்கு வெளியே வராண்டாவில் தண்ணீர்க் குழாய் பக்கம் அந்தப் பிள்ளை சுவரைப் பார்த்து நின்று ஏங்கி ஏங்கி அழுதுகொண்டிருந்தாள். அண்ணாச்சிக்குக் கோபம் ஒரு பக்கம், பதற்றம் ஒரு பக்கம்.

"பாத்தீங்களாம்மா? இதுக்குத்தான் நான் அன்னைக்கே தலையால அடிச்சுக்கிட்டேன். அதுவும் பேசுன மீனையே புடிச்சுத் திங்க வச்சிருக்கீங்க! எந்தக் கிறுக்கன் யோசனை இது? நாளைக்குத் தியேட்டர்ல பிள்ளைக இப்படி ஓடி வந்தா எந்தக் குடும்பம் டிக்கெட் எடுக்கும்? அந்தக் காட்சி வேண்டாம். வெட்டிருங்க. வெட்டுறதா இருந்தா மேல பேசுவோம்."

யோசனை இல்லை அண்ணாச்சி, அது கை தவறு என்று சொல்லலாம். சொன்னால் இன்னும் மோசம். மேல்மாடியில் இருக்கிற அத்தனை முகமும் கண் முன்னால் வந்துபோனது. ஒரு பக்கம் சுடலை எதற்காகப் படம் எடுக்க வந்தாரோ அந்தக் காட்சி, இன்னொரு பக்கம் எல்லாருடைய சோறு. வெட்டுவது என் வேலைதானே, எத்தனையோ வெட்டியிருக்கிறேன். சரி என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். பிள்ளை என் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

"மிஸ், அந்தக் கெண்ட பாவம்லா?"

என்னை டீச்சர் என்று நினைத்துவிட்டாள். குனிந்து, "பாவந்தான்மா" என்றேன்.

"பொறவு எதுக்கு அத அது பிடிச்சிச்சு?"

பொய் சொல்லலாமா என்று ஒரு நொடி தோன்றியது. அது வேற மீன் என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை. "குட்டிக்குப் பசிக்கில்லா. வேற ஒண்ணும் கெடைக்கலியே" என்றேன்.

அவள் கொஞ்ச நேரம் விசும்பினாள். மூக்கைச் சட்டைக் கையில் துடைத்தாள். பிறகு கதவைத் திரும்பிப் பார்த்தாள். உள்ளே சத்தமே இல்லை.

"குட்டி தின்னுச்சா?" என்று கேட்டாள்.

"உள்ள போய்ப் பாரு" என்றேன்.

கண்ணைக்கூட முழுசாகத் துடைக்கவில்லை. ஓடினாள். கதவுத் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

வராண்டாவில் நானும் அண்ணாச்சியும் மட்டும் நின்றோம். அவருடைய போன் அடித்தது. எடுத்துப் பார்த்தார், அமர்த்திவிட்டுச் சட்டைப்பையில் போட்டார். இப்போது திட்டப்போகிறார் என்று நான் மனசைக் கல்லாக்கிக்கொண்டு நின்றேன். கதவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்க்காமல் பையக் கேட்டார்:

"தின்னுச்சாம்மா?"

"நீங்களே போய்ப் பாருங்க அண்ணாச்சி."

போனார். நாற்காலியில் உட்காரக்கூட இல்லை, இருட்டில் கதவை ஒட்டி நின்றபடியே பார்த்தார்.

அவர் படத்தை எடுத்துக்கொண்டதும் அந்தக் காட்சி இன்றைக்கு வரை அப்படியே இருப்பதும் உங்களுக்குத் தெரியும். நீங்கள் இந்த ஸ்டுடியோவில் உட்கார்ந்திருப்பதே அதனால்தான். ஹசீனாவின் தப்பு நல்லதாகப் போயிற்று என்று கதை கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், நம்பாதீர்கள். தப்பு தப்புதான். இன்னொரு ஊரில் இன்னொரு நாளில் அதே தப்பு எங்களைத் தெருவில் நிறுத்தியிருக்கும். நான் சொல்ல வந்தது வேறு. பிள்ளை அழுதால் பயப்படுங்கள், பயப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் அழுத பிள்ளை அடுத்து என்ன கேட்கிறது என்று காதில் விழுகிற வரைக்கும் கத்தரியைத் தொடாதீர்கள். நான் தொட்டுவிட்டேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பிள்ளை என் சேலையை இழுக்க ஒரு மூச்சு பிந்தியிருந்தால் "சரி" என்று சொல்லியிருப்பேன்.

அன்றைக்கு அண்ணாச்சி உள்ளே போனபின் குழாயில் தண்ணீர் பிடித்துக் குடிக்கலாம் என்று திரும்பினால், மாடிப்படியில் ஹசீனா. பின்கதவு வழியாக எப்போது வெளியே வந்தாளோ தெரியவில்லை. முழங்காலில் முகத்தைப் புதைத்து உட்கார்ந்திருந்தாள். பையை மடியில் வைத்திருந்தாள், வீட்டுக்குப் போகிற தோரணையில்.

"முடிஞ்சுதாக்கா? வெட்டச் சொல்லிட்டாவளா?" என்றாள், தலையைத் தூக்காமலே.

"ஏட்டி, எந்திரி" என்றேன். "படத்த எடுத்தவ படியில கெடக்கா. வாங்க வந்தவுக உள்ள நின்னு பாக்காவ."